பரோலோ ஏன் நாக்கைப் பிடிக்கிறது, அதோடு என்ன சாப்பிடலாம்?

கேட்கப்பட்டது சுருக்கமாக இதுதான். பரிசாக ஒரு பரோலோ பாட்டில் வந்திருக்கிறது. 2019 அறுவடை, லேபிளில் செர்ராலுங்கா தால்பா என்ற ஊர்ப் பெயரும் இருந்தது. விருந்தினர் வந்த நாளில் மீன் வறுவலோடு திறந்திருக்கிறார்கள். கோப்பையில் ஊற்றினால் நிறம் வெளிறித் தெரிந்தது. ஒரு வாய் குடித்ததும் ஈறும் கன்னத்தின் உட்புறமும் வறண்டு இழுத்தன. அடுத்து மீன் துண்டை வாயில் வைத்தால் இரும்பைக் கடித்த மாதிரி ஒரு சுவை. இத்தாலியின் தலைசிறந்த சிவப்பு ஒயின்களில் ஒன்று என்கிறார்களே, அது இப்படித்தான் இருக்குமா? பாட்டில் கெட்டுப்போயிருந்ததா? இதோடு என்ன சாப்பிடுவது?

பாட்டில் கெட்டுப்போகவில்லை. கெட்ட ஒயினுக்கு அடையாளங்கள் வேறு. தக்கையில் பிரச்சினை என்றால் நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடிக்கும், பழத்தின் மணம் அடங்கிப்போயிருக்கும். காற்றுப் புகுந்து கெட்டிருந்தால் வினிகர் வாடை வரும், அல்லது பழம் சோர்ந்து பழுப்பேறியிருக்கும். நீங்கள் சொன்ன மூன்றும் இதில் சேராது. வெளிறிய நிறம் அந்தத் திராட்சையின் இயல்பு. துவர்ப்பு, அந்த ஊர் பரோலோவுக்கு அந்த வயதில் இருக்க வேண்டியதுதான். இரும்புச் சுவை மீனோடு சேர்ந்ததால் வந்தது. தனியாக உட்கார்ந்து உறிஞ்சிக் குடிக்க உருவான ஒயின் அல்ல பரோலோ. கொழுப்பும் இறைச்சியும் வெண்ணெயும் இருக்கும் சாப்பாட்டு மேசையில், சில வருடம் பொறுத்துத் திறக்க உருவானது. சாப்பாடு, நேரம் இரண்டையும் கொடுத்த பிறகுதான் அதை மதிப்பிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

வடமேற்கு இத்தாலியில் பியெமோந்தே மாநிலம். அங்கே ஆல்பா நகரை ஒட்டி லாங்கே என்று அழைக்கப்படும் குன்றுகள். பரோலோ அந்தக் குன்றுகளில் உள்ள ஒரு சிற்றூரின் பெயர். லா மோர்ரா, காஸ்தில்யோனே ஃபல்லெத்தோ, மொன்ஃபோர்த்தே, செர்ராலுங்கா, வெர்துனோ என்று மொத்தம் 11 ஊர்களின் நிலத்தில் விளைந்ததற்கு மட்டுமே அந்தப் பெயரைப் போடலாம். எல்லாத் தோட்டங்களையும் சேர்த்தாலும் 2,000 ஹெக்டேரைக் கொஞ்சம்தான் தாண்டும். திராட்சை ஒன்றே ஒன்று, நெப்பியோலோ. வேறு எதையும் ஒரு துளி கலக்கச் சட்டம் அனுமதிக்காது. 1980-இல் இத்தாலி தன் ஒயின்களுக்கு டி.ஓ.சி.ஜி. என்ற உயர்ந்த தகுதியை வழங்கத் தொடங்கியபோது முதலில் பெற்ற சிலவற்றில் பரோலோவும் ஒன்று. இந்தத் திராட்சைக் குன்றுகள் 2014 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கின்றன.

நெப்பியோலோ பிடிவாதமான கொடி. வசந்தத்தில் மற்றவற்றுக்கு முன்பே துளிர்க்கும், அதனால் பிந்திய பனிக்குத் தப்ப வேண்டும். பழுப்பதோ கடைசியில்; பெரும்பாலும் அக்டோபரில், பள்ளத்தாக்குகளில் மூடுபனி இறங்கத் தொடங்கிய பிறகு. இத்தனை நீண்ட பருவத்துக்கு வெயில் வேண்டும் என்பதால் தெற்கும் தென்மேற்கும் பார்த்த சரிவுகளை அதற்கென்று ஒதுக்கிவிடுவார்கள். குளிர்காலத்தில் எந்தச் சரிவில் முதலில் பனி உருகுகிறதோ அதுதான் நெப்பியோலோ நிலம் என்பது அங்குள்ள விவசாயிகளின் பழைய கணக்கு. அடுத்த தரச் சரிவுகளில் பார்பேரா, தோல்செத்தோ திராட்சைகள். வடக்குப் பார்த்த பக்கத்தில் ஹேசல்நட் மரங்கள். ஹேசல்நட் கலந்த நுட்டெல்லா சாக்லேட் களிம்பைத் தயாரிக்கும் ஃபெரேரோ நிறுவனம் 1946-இல் இதே ஆல்பாவில் தொடங்கியது என்பதற்கும் அந்த மரங்களுக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

இப்போது நிறம். நெப்பியோலோவின் தோலில் நிறமிகள் குறைவு, இருப்பவையும் சீக்கிரம் மங்கும் வகை. அதனால் இளம் பரோலோகூட மாதுளைச் சாறு போன்ற தெளிந்த சிவப்பில் இருக்கும், கோப்பையைச் சாய்த்தால் பின்னால் உள்ள எழுத்தைப் படிக்கலாம். பத்து வருடம் போனால் விளிம்பில் செங்கல் நிறமும் ஆரஞ்சும் ஏறும். கறுத்த ஒயின்தான் கனமான ஒயின் என்று பழகியவர்களுக்கு இது குழப்பத்தைத் தரும், ஏனென்றால் இந்த வெளிறிய ஒயினில் துவர்ப்பும் புளிப்பும் இரண்டுமே உச்சத்தில் இருக்கும். ஆல்கஹால் சட்டப்படி குறைந்தது 13 விழுக்காடு, நடைமுறையில் 14, 14.5 சாதாரணம். கண் ஒன்றைச் சொல்ல, வாய் வேறொன்றை உணர்கிறது.

பரோலோவில் எனக்கு மிகவும் பிடித்தது மணம். குடிக்காமல் முகர்ந்துகொண்டே இருக்கலாம். ரோஜாவும் தாரும் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வது இந்த ஒயினைப் பற்றிப் பேசுகிறவர்களின் வழக்கம். கேட்க விநோதமாக இருந்தாலும் முகர்ந்தால் உண்மை என்று தெரியும்: வாடத் தொடங்கிய ரோஜா இதழ், அதற்கு அடியில் புதிதாகப் போட்ட சாலையின் கருமணம். கூடவே புளிப்புச் செர்ரி, ராஸ்பெர்ரி, வயலட் பூ, அதிமதுரம், சோம்பு, கொஞ்சம் புதினா. வயது ஏற ஏறப் பழம் பின்வாங்கி, உலர்ந்த ஆரஞ்சுத் தோல், புகையிலை, பதனிட்ட தோல், காளான், மழைக்குப் பிந்தைய காட்டுத் தரை ஆகியவை முன்னுக்கு வரும். வாயில் முதலில் செர்ரிப் பழத்தின் இனிய சாயல் தெரியும், ஆனால் சர்க்கரை கிடையாது. அடுத்த நொடி புளிப்பு எழுந்து எச்சில் ஊற வைக்கும். பிறகு துவர்ப்பு வந்து ஈறில் உட்காரும். விழுங்கிய பிறகும் ரோஜாவும் அதிமதுரமும் நெடுநேரம் மூக்கின் பின்புறத்தில் இருக்கும். நல்ல பரோலோவை நான் அளப்பது இந்தக் கடைசிப் பகுதியை வைத்துத்தான். துவர்ப்பு அடங்கிய பின்னும் மணம் நிற்கிறதா என்று பாருங்கள்.

அந்தத் துவர்ப்பு எங்கிருந்து வருகிறது? திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள டானின்களிலிருந்து. நம் எச்சிலில் வாயை வழுவழுப்பாக வைத்திருக்கும் புரதங்கள் உண்டு. டானின் அவற்றைப் பிடித்துத் திரளவைத்துவிடும். வழுவழுப்புப் போனதும் வாய் வறண்டு இழுப்பது போல் தோன்றுகிறது. பால் ஊற்றாத கடுந்தேநீரில் நடப்பதும் இதேதான். அதில் பால் ஊற்றினால் பாலின் புரதம் டானினைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது, நாக்கு தப்பிக்கிறது. பரோலோவுக்குப் பக்கத்தில் கொழுப்புள்ள இறைச்சியோ முற்றிய பாலாடைக்கட்டியோ இருந்தால் அந்த வேலையை அவை செய்கின்றன. பதிலுக்கு ஒயினின் புளிப்பு வாயில் படிந்த கொழுப்பைக் கழுவிவிடும், அடுத்த வாய் உணவு முதல் வாய் போலவே ருசிக்கும். சாப்பாடும் ஒயினும் ஒன்றை ஒன்று தாங்குவது என்று நான் சொல்வது இதைத்தான்.

மீனில் இது நடக்காது. சிவப்பு ஒயினில் சிறு அளவில் இரும்பு இருக்கும். அது மீனின் எண்ணெயோடு சேரும்போது கவிச்சியும் உலோகச் சுவையும் எழுகின்றன. எண்ணெய்ச் சத்து மிகுந்த மீன் என்றால் இன்னும் மோசம். உங்கள் வாயில் வந்த இரும்புச் சுவை கற்பனை அல்ல.

செர்ராலுங்காவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் அனுபவத்தில் பாதி அந்த ஊர்ப் பெயரில் இருக்கிறது. பரோலோ நிலத்தை மேற்கு, கிழக்கு என்று பிரித்துப் பேசுவது வழக்கம். மேற்கில் லா மோர்ராவும் பரோலோ ஊரும். அங்கே நீலச் சாம்பல் நிறச் சுண்ணாம்புக் களிமண். அதில் வரும் ஒயின் மணம் மிகுந்தது, மென்மையானது, சற்று முன்னதாகவே குடிக்கத் தயாராகும். கிழக்கில் செர்ராலுங்காவும் மொன்ஃபோர்த்தேயின் ஒரு பகுதியும். அங்கே மண் இன்னும் பழையது, மணற்கல் அடுக்குகள் கலந்தது, வளம் குறைந்தது. அந்த மண்ணின் ஒயின் இறுக்கமாக, எலும்பும் நரம்புமாக இருக்கும், திறந்து பேச வருடங்கள் எடுக்கும். இந்தப் பிரிவுக்கு விதிவிலக்குகள் நிறைய உண்டு. தயாரிப்பாளரின் கைவேலை மண்ணை மீறிவிடுவதும் உண்டு. ஆனாலும் லேபிளில் ஊர் பார்த்து வாங்குகிறவருக்கு இது பயன்படும் முதல் குறிப்பு.

ஊருக்குள்ளும் தோட்டத்துக்குத் தோட்டம் வித்தியாசம் உண்டு. பரோலோவில் கான்னூபி, லா மோர்ராவில் புருனாத்தே, செரேக்வியோ, செர்ராலுங்காவில் பிரான்சியா, விக்னா ரியோந்தா என்பவை ஒயின் பிரியர்கள் மரியாதையோடு சொல்லும் பெயர்கள். கான்னூபி 1752 என்று எழுதிய ஒரு பாட்டில் பிரா நகரில் பாதுகாக்கப்படுகிறது. பரோலோ என்ற பெயர் பாட்டிலில் ஏறுவதற்கு நெடுங்காலம் முன்பே அந்தக் குன்றுக்குத் தனிப் பெயர் இருந்திருக்கிறது என்று இதை வைத்துச் சொல்லலாம். 2010-இல் இந்தத் தோட்டப் பிரிவுகளுக்கு அதிகாரபூர்வ எல்லை வகுத்தார்கள். ஊர்களின் பெயரில் 11, தோட்டங்களின் பெயரில் 170.

வரலாற்றின் மற்ற பகுதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை அங்கே நெப்பியோலோவில் செய்த ஒயினில் இனிப்பு மிஞ்சியிருப்பது சாதாரணம். குளிர் வந்ததும் நொதித்தல் பாதியில் நின்றுவிடும். அதை முழுவதும் நொதிக்க வைத்து இன்றைய வறண்ட பரோலோவாக மாற்றியதில் பலர் கை இருக்கிறது: பிரான்சிலிருந்து மணமாகி வந்த பரோலோ சீமாட்டி ஜூலியா ஃபல்லெத்தி, 1832 முதல் 1849 வரை கிரின்சானே ஊரின் மேயராக இருந்து பிறகு இத்தாலியின் முதல் பிரதமரான காவூர், அவருக்கு ஒயின் செய்து கொடுத்த ஸ்தாலியேனோ. பிரெஞ்சு வணிகர் லூயி ஊதார்தான் மூலகாரணம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது, ஆய்வாளர்கள் இப்போது அதைக் கேள்வி கேட்கிறார்கள். அரச குடும்பமும் சும்மா இருக்கவில்லை. செர்ராலுங்காவில் உள்ள ஃபொன்தானஃப்ரெத்தா நிறுவனம் மன்னர் இரண்டாம் வித்தோரியோ எமானுவேலேயின் மகன் 1878-இல் தொடங்கியது.

அப்புறம் பீப்பாய்ச் சண்டை. இது சுவையோடு நேரடியாகத் தொடர்புள்ளது என்பதால் இங்கே நிற்க வேண்டும். பழைய முறையில் திராட்சைத் தோலைச் சாற்றில் ஒரு மாதம், சில சமயம் இரண்டு மாதம் ஊறவிடுவார்கள். பிறகு பல ஆயிரம் லிட்டர் கொள்ளும் பழைய ஓக் பீப்பாய்களில் வருடக்கணக்கில் வைப்பார்கள். அந்த ஒயின் இளமையில் மிகவும் கடுமையாக இருக்கும். 1980-களில் ஒரு இளைய கூட்டம் இதை மாற்றியது. பிரான்சின் பர்கண்டிக்குப் போய்ப் பார்த்து வந்த எலியோ அல்தாரே 1983-இல் தந்தையின் பழைய பீப்பாய்களைச் செயின்சாவால் அறுத்தார். தந்தை அவரை வாரிசுரிமையிலிருந்தே விலக்கினார். அல்தாரேயும் கூட்டாளிகளும் ஊறவிடும் காலத்தைச் சில நாட்களாகக் குறைத்தார்கள், 225 லிட்டர் கொள்ளும் பிரெஞ்சுச் சிறு பீப்பாய்களைப் புதிதாக வாங்கினார்கள். ஒயின் கறுத்தது, மென்மையானது, வெனிலா மணம் ஏறியது, அமெரிக்காவில் நன்றாக விற்றது. எதிர்ப்பக்கத்தில் பார்த்தோலோ மஸ்கரெல்லோ போன்றவர்கள் பழைய முறையை விடவே இல்லை. சிறு பீப்பாயும் வேண்டாம், இத்தாலிய அரசியல்வாதி பெர்லுஸ்கோனியும் வேண்டாம் என்று தன் கையால் வரைந்த லேபிளை அவர் பாட்டிலில் ஒட்டினார்.

இன்று அந்தச் சண்டை பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. இரு பக்கமும் நடுவுக்கு வந்திருக்கிறார்கள்: தோட்டத்தில் காய் குறைப்பது, நிலவறைச் சுத்தம் போன்றவற்றைப் பழையவர்கள் எடுத்துக்கொண்டார்கள், பெரிய பீப்பாய்க்குப் புதியவர்கள் பலர் திரும்பினார்கள். என் விருப்பத்தைக் கேட்டால் பெரிய பீப்பாய்தான். புது ஓக்கின் வெனிலா, நெப்பியோலோவின் ரோஜா மணத்தின் மேல் போர்வையைப் போட்டுவிடுகிறது. வெனிலா எந்த நாட்டு ஒயினிலும் கிடைக்கும், அந்த ரோஜா மணம் கிடைக்காது. சட்டம் எந்தப் பீப்பாய் என்று கட்டாயப்படுத்துவதில்லை. அறுவடை ஆண்டின் நவம்பர் 1 தொடங்கி 38 மாதம் கழித்துத்தான் விற்கலாம், அதில் 18 மாதம் மரத்தில் இருந்திருக்க வேண்டும். ரிசெர்வா என்று போட்டால் 62 மாதம்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். ஒரு ஒயினோடு எது பொருந்தும் என்று குழப்பம் வந்தால் அது விளையும் ஊரில் என்ன சமைக்கிறார்கள் என்று பார்ப்பது நல்ல வழி. லாங்கேயில் இது மிகவும் சரியாக வரும். அது வெண்ணெய், முட்டை, மாட்டிறைச்சி, காளான், பாலாடைக்கட்டி நாடு. தக்காளியும் ஆலிவ் எண்ணெயும் அங்கே இரண்டாம் இடம்தான்.

முதலில் சொல்ல வேண்டியது பிராசாத்தோ அல் பரோலோ. மாட்டிறைச்சியின் உழைத்த பகுதியைப் பெரிய துண்டாக எடுத்து, வெங்காயம், கேரட், செலரி, பிரிஞ்சி இலை, ரோஸ்மேரி, பட்டை, கிராம்போடு ஒயினில் ஓர் இரவு ஊறவைப்பார்கள். மறுநாள் அதை எண்ணெயிலோ வெண்ணெயிலோ சிவக்க வைத்து, ஊறிய ஒயினையே ஊற்றி, மூடிபோட்டு, சிறு தீயில் மணிக்கணக்கில் வேகவிடுவார்கள். கறி கரண்டியில் பிரியும், குழம்பு கறுத்துப் பளபளக்கும். நெடுநேரம் வெந்ததில் இணைப்புத் திசுக்கள் கரைந்து ஜெலட்டின் ஆகியிருக்கும். பரோலோவின் துவர்ப்பு அதில் போய் அடங்குவதை வாயிலேயே உணரலாம். பெயரில் பரோலோ இருந்தாலும் சட்டிக்குள் விலையுயர்ந்த பாட்டிலை ஊற்ற வேண்டாம். மணிக்கணக்கில் கொதித்த பிறகு ரோஜா மணம் எதுவும் மிஞ்சாது. சட்டிக்கு ஒரு நல்ல பார்பேராவோ சாதாரண நெப்பியோலோவோ போதும், பரோலோவைக் கோப்பைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து தாயரின். மெல்லிய நூல் போல் வெட்டிய முட்டை நூடுல்ஸ் என்று சொல்லலாம். ஒரு கிலோ மாவுக்கு 30 மஞ்சள் கருவுக்கு மேல் போடும் வீடுகள் உண்டு, அதனால் பொன்னிறமாக இருக்கும். வெண்ணெயில் புரட்டி, அதன் மேல் ஆல்பாவின் வெள்ளை ட்ரஃபிளைப் பச்சையாகச் சீவிப்போடுவார்கள். மண்ணுக்கடியில் விளையும் இந்தக் காளான் வகை இலையுதிர்காலத்தில் கிடைக்கும், அப்போது ஆல்பாவில் அதற்கென்றே பெரிய சந்தை நடக்கும். இதற்கு முதிர்ந்த பரோலோ வேண்டும். துவர்ப்பு அடங்கி, காளானும் மண்ணும் மணக்கும் 15 வருட பாட்டில் அந்த ட்ரஃபிள் மணத்தோடு ஒன்றாகக் கலந்துவிடும். இளம் பாட்டிலை வைத்தால் தட்டின் மென்மையை அது நசுக்கிவிடும். ட்ரஃபிள் வாங்க முடியாவிட்டால் கவலை இல்லை, வெண்ணெயில் வதக்கிய போர்சினிக் காளானோடும் இதே பொருத்தம் வரும்.

அன்யொலோத்தி தெல் பிலின் என்று இன்னொன்று. வறுத்த இறைச்சியை அரைத்து உள்ளே வைத்து, விரலால் கிள்ளி மூடிய சிறு பொட்டலங்கள். கறி வறுத்த சட்டியில் இறங்கிய சாறையே மேலே ஊற்றுவார்கள். சில இடங்களில் சாறு எதுவும் இல்லாமல், வெந்ததைத் துணி நாப்கினில் கொட்டிக் கொடுப்பார்கள், கையால் எடுத்துச் சாப்பிட வேண்டும். ஒரே ஒரு தட்டைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஏழெட்டு வயதான லா மோர்ரா பரோலோவோடு நான் இதைத்தான் கேட்பேன். இறைச்சியின் உப்பும் ருசியும் இருக்கும், பிராசாத்தோவின் கனம் இருக்காது.

பல வகை இறைச்சியை வேகவைத்துப் பரிமாறும் பொல்லித்தோ மிஸ்தோவோடும் பரோலோ குடிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. கூட வரும் பச்சைச் சட்னியில் வினிகரும் பூண்டும் நெத்திலியும் தூக்கலாக இருக்கும், அதற்குப் பார்பேராவே மேல். முயல், காட்டுப்பன்றி, வாத்து, செம்மறி ஆட்டுக் கால் எல்லாம் இளம் பரோலோவுக்கு நல்ல துணை. பாலாடைக்கட்டியில் முதலிடம் காஸ்தெல்மான்யோவுக்கு. குனேயோ மாவட்டத்தின் மலைப்பள்ளத்தாக்கில் செய்யப்படுவது, பொலபொலவென்று உதிரும், உப்பும் லேசான காட்டமும் உண்டு. அதை வெண்ணெயோடு உருக்கி உருளைக்கிழங்கு உருண்டைகளான ஞொக்கிமேல் ஊற்றினால் இறைச்சி சாப்பிடாதவர்களுக்கு இதைவிட நல்ல பரோலோ உணவு இல்லை. நம் ஊர்களில் கிடைப்பதில் இரண்டு வருடம் முதிர்ந்த பார்மிஜானோ சரியான மாற்று. நீலப் பூஞ்சைக் கட்டிகள் ஒயினை மூழ்கடித்துவிடும், தவிர்த்துவிடுங்கள்.

தக்காளிச் சாறு மிகுந்த பாஸ்தாவுக்கும் பீட்சாவுக்கும் பரோலோ வேண்டாம், பார்பேராவோ கியாந்தியோ எடுங்கள். காரம் இன்னும் பெரிய சிக்கல். 14 விழுக்காடு ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலைத் தூக்கிவிடும், எரிகிற நாக்கில் துவர்ப்பு இன்னும் சொரசொரப்பாகத் தெரியும். புளியும் காரமும் கூடிய குழம்போடு வைத்தால் இரண்டுமே வீண். வீட்டுச் சமையலோடுதான் குடிக்க வேண்டும் என்றால், பிராசாத்தோவில் பட்டையும் கிராம்பும் ஏற்கெனவே இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மிளகாயைக் குறைத்து, வெங்காயத்தைப் பொறுமையாகச் சிவக்க வதக்கி, பட்டை, கிராம்பு, கொஞ்சம் மிளகோடு எலும்பும் கொழுப்புமாக மெதுவாக வேகவைத்த ஆட்டுக்கறி அதற்கு நெருங்கிய உறவினர்தான். தயிரோ தேங்காயோ சேர்க்காமல் செய்தால் நன்றாகப் பொருந்தும்.

பரிமாறுவதில் வெப்பம் முக்கியம். அறை வெப்பம் என்று புத்தகங்களில் சொல்வது பியெமோந்தேயின் பழைய கல்வீட்டு வெப்பம், 16 முதல் 18 டிகிரி. 30 டிகிரி அறையில் வைத்த பாட்டிலை அப்படியே ஊற்றினால் ஆல்கஹால் மட்டும்தான் மூக்கில் ஏறும். குளிர்பதனப் பெட்டியில் முக்கால் மணி நேரம் வைத்து எடுங்கள். அதிகம் குளிர்ந்துவிட்டாலும் கெடுதல், துவர்ப்பு கூர்மையாகிவிடும். வயிறு அகன்ற பெரிய கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக ஊற்ற வேண்டும். இளம் பாட்டிலை அகன்ற குடுவையில் மாற்றி இரண்டு மூன்று மணி நேரம் காற்றாட விடுங்கள். துவர்ப்பு மாயமாக மறையாது, ஆனால் மூடிக்கிடந்த மணம் வெளியே வரும். 20 வருடப் பாட்டிலுக்கு இதைச் செய்யக்கூடாது. முதல் நாளே நிமிர்த்தி வைத்து அடியில் வண்டல் இறங்கவிட்டு, சாப்பிடும் நேரத்தில் மெதுவாக ஊற்றினால் போதும். பழைய ஒயினின் மணம் காற்றில் சீக்கிரம் போய்விடும்.

எத்தனை வருடம் பொறுப்பது? சராசரி பரோலோவுக்கு அறுவடையிலிருந்து எட்டு முதல் 15 வருடம். செர்ராலுங்காவின் கடினமான தோட்டங்கள் என்றால் 12-க்கு முன் தொட வேண்டாம், நல்ல கைகளில் செய்தது 30 தாண்டியும் இருக்கும். ஆண்டுக்கு ஆண்டும் மாறும். 2010, 2016 இரண்டும் நீண்ட ஆயுள் உள்ள சிறந்த ஆண்டுகள். 2017 வெயில் மிகுந்தது, 2018 இலகுவானது. இந்த இரண்டையும் முன்னதாகத் திறக்கலாம். உங்களுடைய 2019 பழைய பாணியில் இறுக்கமாக வந்த ஆண்டு. கடினமான ஊர், இறுக்கமான ஆண்டு, மீன் வறுவல் என்று மூன்றும் ஒரே மாலையில் சேர்ந்துவிட்டன.

காத்திருக்க விருப்பமில்லை, விலையும் அதிகம் என்றால் அதே திராட்சையில் வேறு வழிகள் உண்டு. லாங்கே நெப்பியோலோ என்று லேபிளில் போட்டிருப்பது பெரும்பாலும் அதே தயாரிப்பாளர்களின் இளம் கொடிகளிலிருந்து வருவது, மரத்தில் அதிக நாள் வைக்காதது. ரோஜாவும் செர்ரியும் இருக்கும், துவர்ப்பு பாதிதான், விலை மூன்றில் ஒரு பங்குக்குக்கூடக் கிடைக்கும். முதன்முதலாக நெப்பியோலோவைப் பழகுகிறவர்களுக்கு நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன். ஆல்பாவின் மறுபக்கம் உள்ள பார்பரெஸ்கோ, பரோலோவுக்கு உடன்பிறப்பு. அங்கே 26 மாதம் வைத்தால் போதும், பொதுவாகச் சற்று மென்மையானது. 1958-இல் ஊர்ப் பாதிரியார் 19 விவசாயிகளைச் சேர்த்துத் தொடங்கிய ப்ரொதுத்தோரி தெல் பார்பரெஸ்கோ என்ற கூட்டுறவின் ஒயின் அதன் விலைக்கு மிகவும் நேர்மையான ஒன்று. வடக்கே கத்தினாரா, லொம்பார்தியாவின் வால்தெல்லினா மலைச்சரிவு ஒயின்கள் இன்னும் மெலிந்தவை, காளான் சமையலுக்கு அருமையானவை.

சாப்பாட்டுக்குப் பின் இனிப்பு இருந்தால் பரோலோவைத் தொடர வேண்டாம், சர்க்கரை அதைக் கசப்பாக்கிவிடும். அதற்கென்று பரோலோ கினாத்தோ இருக்கிறது. சிங்கோனாப் பட்டையும் மூலிகைகளும் மசாலாக்களும் ஊறவைத்து, சர்க்கரை சேர்த்த பரோலோ. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மருந்துபோல விற்கப்பட்டது, செர்ராலுங்காவைச் சேர்ந்த மருந்தாளர் ஜூசெப்பே கப்பெல்லானோ அதில் பேர் பெற்றவர். சாக்லேட்டோடு பெரும்பாலான சிவப்பு ஒயின்கள் தோற்றுப்போகும், 70 விழுக்காட்டுக் கருஞ்சாக்லேட்டோடு ஒரு சிறு கோப்பை கினாத்தோ மட்டும் நிற்கும்.

உங்கள் பாட்டிலில் மிச்சம் இருந்தால் கொட்டிவிடாதீர்கள். தக்கையை அழுத்தி மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் இளம் பரோலோ இரண்டு மூன்று நாள் தாங்கும், இரண்டாம் நாள் முதல் நாளைவிட நன்றாக இருப்பதும் சாதாரணம். வெளியே எடுத்து அரை மணி நேரம் கழித்து, ஒரு துண்டு முதிர்ந்த பார்மிஜானோவோடு மறுபடி குடித்துப் பாருங்கள்.